கூலி பாக்கிக் கோரிக்கையை நிர்வாகம் நீதிமன்றத்தில் எதிர்க்கும்போது

கோத்தகிரியிலோ கூடலூரிலோ ஒரு தோட்டத் தொழிலாளி கூலி பாக்கி கேட்டு மனுக் கொடுக்கிறார். சில மாதங்கள் கழித்து, நீதிமன்ற முத்திரையிட்ட உறை ஒன்று தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டுக்கு வந்து சேர்கிறது. பிரித்துப் பார்த்தால், அவருடைய பெயருக்கு நேரே 'எதிர்மனுதாரர்' என்று எழுதியிருக்கிறது. பணம் கேட்டது தாம், வழக்கோ தம்மீது என்ற திகைப்பில் அந்த உறையைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுபவர்கள் உண்டு. பெட்டிக்குள் இருக்கும்போதே வாய்தா தேதி கடந்துபோவதும் உண்டு. அந்த உறையில் என்ன இருக்கிறது, ஏன் வருகிறது, அதற்கு என்ன பதில் என்பதை முதன்முறையாகக் கேட்பவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்தச் சொல். எதிர்மனுதாரர் என்பவர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர். ஒரு மனுவுக்குப் பதில் சொல்ல வேண்டிய தரப்பு மட்டுமே. கூலி கேட்டு முதலில் மனுக் கொடுக்கும்போது தொழிலாளி மனுதாரர், நிர்வாகம் எதிர்மனுதாரர். அந்த மனு தொழிலாளிக்குச் சாதகமாக முடிந்து, நிர்வாகம் அதை எதிர்த்து மேலே சென்றால், பெயர்கள் இடம் மாறிக்கொள்கின்றன. ஆகவே இந்தச் சொல்லோடு உறை வந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் கீழே தொழிலாளி வென்றிருக்கிறார் என்றே பொருள்.

எதிர்ப்பு இரண்டு நிலைகளில் எழுகிறது. தொழிலாளர் துறை அதிகாரியின் முன்போ தொழிலாளர் நீதிமன்றத்திலோ மனு விசாரிக்கப்படும்போது நிர்வாகம் தாக்கல் செய்யும் பதிலுரை முதல் நிலை. உத்தரவு பிறந்த பிறகு மேல்முறையீடாகவோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவாகவோ வருவது இரண்டாவது நிலை. நீலகிரியில் இருப்பவருக்கு இந்த இரண்டு நிலைகளும் ஊர்களாகவே தெரியும்: குன்னூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகம், கோவையில் உள்ள தொழிலாளர் நீதிமன்றம், உதகையில் உள்ள மாவட்ட நீதிமன்றம், கடைசியாகச் சென்னை உயர் நீதிமன்றம். கொடைக்கானல் மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் கடைசிப் படி சென்னை அன்று. திண்டுக்கல் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது.

இப்படிப்பட்ட பதிலுரைகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். 'இவர் வேலை செய்யவே இல்லை' என்றோ 'கூலியைக் கொடுத்துத் தீர்த்துவிட்டோம்' என்றோ சொல்லும் எதிர்ப்புகளைப் பதிவேடுகளைக் கொண்டு உடைத்துவிடலாம். உடைக்கக் கடினமானவை வேறு: 'தட்டிய கதவு தவறு', 'தட்டிய காலம் தவறு', 'தட்ட வேண்டியது எங்கள் கதவை அன்று'. இவை மூன்றும் கூலி பாக்கி இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குள் நுழைவதே இல்லை. நுழையாமலே மனுவைத் தள்ளுபடி செய்ய வைக்கக்கூடியவை. அதனால்தான் நிர்வாகத்தின் வழக்கறிஞர் பதிலுரையின் முதல் பத்தியிலேயே இவற்றை எழுதுகிறார்.

விளக்கத்துக்காக ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கோத்தகிரிப் பக்கம், 60 பேர் வேலை செய்யும் தனியார் தேயிலைத் தோட்டம். கணக்குக்கு எளிதாக நாட்கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதத்தில் 26 நாள் கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டியது 11,700 ரூபாய். மூன்று மாதக் கூலி நின்றுபோயிருந்தால் பாக்கி 35,100 ரூபாய். அவர் அதைக் கேட்கிறார், நிர்வாகம் எதிர்க்கிறது.

எந்தக் கதவு?

2025 நவம்பர் 21 வரை, கூலி பாக்கிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சட்டங்கள் தனித்தனியாக நடைமுறையில் இருந்தன. பேசிய கூலியைக் கொடுக்காவிட்டாலோ அதில் தவறாகப் பிடித்தம் செய்தாலோ 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம். அரசு நிர்ணயித்த அளவுக்குக் கீழே கொடுத்தால் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம். ஒப்பந்தத்தாலோ தீர்ப்பாலோ ஏற்கெனவே உறுதியாகிவிட்ட பணம் வராவிட்டால் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 33சி பிரிவு. பணிக்கொடைக்கு 1972ஆம் ஆண்டில் வந்த தனிச் சட்டம். தொழிலாளியின் கண்ணுக்கு இவை எல்லாமே 'வர வேண்டிய காசு'தான். சட்டத்தின் கண்ணுக்கு அப்படி இல்லை.

இதற்கு உச்ச நீதிமன்றம் 1955இல் வெளியிட்ட ஒரு தீர்ப்பு நல்ல சான்று. ரயில்வேயில் தினக்கூலியாக இருந்த ஒருவர், தம்மை மாதச் சம்பளக்காரராக ஆக்கியிருக்க வேண்டும், ஆகவே அந்தச் சம்பளத்துக்கும் தாம் வாங்கிய கூலிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தர வேண்டும் என்று 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேட்டார். இருக்கிற ஒப்பந்தத்தின்படி எவ்வளவு கூலி என்று முடிவு செய்யத்தான் அந்த அதிகாரிக்கு உரிமை உண்டு. ஒருவர் எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று தீர்மானித்து அதற்கேற்பக் கூலி கணக்கிட உரிமை இல்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. நம் தோட்டத்துப் பெண் மூன்று மாதக் கூலியை மட்டும் கேட்டால் இந்தத் தடை அவருக்கு இல்லை. அதே மனுவில் 'பத்து ஆண்டாகத் தற்காலிகமாகவே வைத்திருக்கிறார்கள், நிரந்தரத் தொழிலாளிக்குரிய கூலி தர வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிர்வாகம் முழு மனுவையும் அசைத்துப் பார்க்கும். நியாயமான கோரிக்கையாகவே இருந்தாலும், அதைத் தொழில் தகராறாகத் தனியே எழுப்புவதுதான் பாதுகாப்பானது.

33சி பிரிவின் இரண்டாம் உட்பிரிவைச் சுற்றித்தான் மிகுதியான வாதம் நடந்திருக்கிறது. சேர வேண்டிய பணத்தைக் கணக்கிட்டுத் தருமாறு தொழிலாளியே நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகலாம் என்பது அதன் சாரம். 'அந்த உரிமையையே நாங்கள் மறுக்கிறோம், மறுத்த பிறகு கணக்கிட என்ன இருக்கிறது?' என்று நிர்வாகங்கள் வாதிட்டன. மறுத்துவிட்டதாலேயே நீதிமன்றத்தின் அதிகாரம் போய்விடாது; பணத்தைக் கணக்கிட அவசியமான அளவுக்கு உரிமை உண்டா என்பதையும் அது பார்க்கலாம் என்று 1963இல் சென்ட்ரல் பேங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் அந்தக் கதவு அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஒருக்களிக்கப்பட்டது. இந்த உட்பிரிவு, கிடைத்த தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனுவைப் போன்றது. உரிமையே முன்பு முடிவாகாமல் இருக்கும்போது இதன் வழியாக அதை முதன்முதலாக முடிவு செய்ய முடியாது என்பது 1974ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றிலும், நிரந்தர ஊழியருக்கு இணையான ஊதியம் கேட்ட டெல்லி மாநகராட்சித் தினக்கூலிகளின் வழக்கில் 1990களின் நடுவிலும் உறுதிப்பட்டது.

இதை எளிமையாகச் சொல்வதானால், கணக்குப் பார்த்துத் தருவது ஒரு வேலை, பங்கு உண்டா என்று பஞ்சாயத்து செய்வது வேறு வேலை. நீலகிரித் தோட்டங்களில் தொழிற்சங்கங்களும் நிர்வாகமும் கையெழுத்திட்ட கூலி ஒப்பந்தம் நடைமுறையில் இருந்து, அதில் உங்கள் வகைத் தொழிலாளிக்கு இன்ன கூலி என்று எழுதப்பட்டிருந்தால், அது முதல் வேலை. ஒப்பந்தத்தில் உங்கள் வகையே இல்லையென்றால் அது இரண்டாவது வேலை. பதிலுரையில் 'இம்மனு நிலைக்கத்தக்கதன்று' என்ற சொற்றொடர் காணப்பட்டால், நிர்வாகம் இந்த வேறுபாட்டைத்தான் கையில் எடுத்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

பணிக்கொடையிலும் இப்படித்தான் ஒரு பாடம் கிடைத்தது. 33சி வழியாகப் பணிக்கொடை கேட்ட பஞ்சாப் தொழிலாளர்களின் வழக்கில், பணிக்கொடைச் சட்டம் தன்னளவில் முழுமையானது, அதற்கென உள்ள அதிகாரியிடமே போக வேண்டும் என்று 1979இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. கூலி பாக்கி, விடுப்புச் சம்பளம், போனஸ், பணிக்கொடை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் மலையில் பரவலாக இருக்கிறது. எழுதுபவருக்கு அது எளிது. எதிர்ப்பவருக்கு அதைவிட எளிது.

2025 நவம்பர் 21 முதல் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1936, 1948 ஆண்டுச் சட்டங்களையும் போனஸ் சட்டத்தையும் சம ஊதியச் சட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டது. அதன் 45ஆம் பிரிவின்படி ஒரே அதிகாரி இந்தக் கோரிக்கைகளை விசாரிப்பார். பாக்கியோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நம் எடுத்துக்காட்டில் 35,100 ரூபாய்க்கு மேல் 3,51,000 ரூபாய் வரை அவர் இழப்பீடு விதிக்கலாம் என்பது உச்ச அளவு. அவ்வளவும் கிடைக்கும் என்று பொருளில்லை. பழைய 1936ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் உள்ளே வரவே முடியாது என்பது நிர்வாகத்துக்கு வசதியான ஒரு எதிர்ப்பாக இருந்தது. கூலி கேட்கும் விஷயத்தில் இந்தத் தொகுப்பு அத்தகைய உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை என்பதால், தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கும் உதகை ரிசார்ட் ஒன்றின் வரவேற்பு மேலாளருக்கும் கூட இப்போது இடம் உண்டு.

காலம் கடந்ததா?

காலக்கெடு பற்றிய எதிர்ப்பு எண்களில் நிற்பதால் வாதாடச் சுலபமானது. பழைய ஊதியம் வழங்கல் சட்டத்தில் 12 மாதம், குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் 6 மாதம். இரண்டிலும் தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க இடமிருந்தது. காரணம் காட்டும் பொறுப்பு தொழிலாளியுடையது. 33சி இரண்டாம் உட்பிரிவுக்குக் காலக்கெடு கிடையாது என்று பம்பாய் எரிவாயு நிறுவனத்தின் வழக்கில் 1963இலேயே தீர்ந்துவிட்டது. புதிய தொகுப்பு, கோரிக்கை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டு தருகிறது. அதற்குப் பிறகும் தக்க காரணம் இருந்தால் ஏற்கலாம்.

கோரிக்கை எழுந்த நாள் எது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மாதக் கூலியை அடுத்த மாதம் 7ஆம் தேதி முடிவதற்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. எனவே ஒவ்வொரு மாதக் கூலிக்கும் கடிகாரம் தனித்தனியாக ஓடுகிறது. மார்ச் மாதக் கூலிக்கான கெடு முடிந்துவிட்டாலும் ஏப்ரல் மாதக் கூலிக்கான கெடு உயிரோடு இருக்கும். வேலையிலிருந்து நீக்கினாலோ, தாமே விலகினாலோ, நிறுவனம் மூடப்பட்டாலோ, இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்று புதிய தொகுப்பு சொல்வதால், அந்தத் தொகைக்கான கடிகாரம் அப்போதே ஓடத் தொடங்குகிறது. 'துரை (தோட்ட மேலாளர்) அடுத்த மாதம் தருகிறேன் என்றார்' என்று காத்திருந்ததற்குச் சாட்சி இருந்தால் அது தாமதத்துக்குக் காரணமாக நிற்கலாம்; வாய்வார்த்தையாக மட்டும் இருந்தால் நிற்பது கடினம். 2025 நவம்பருக்கு முன்பே நின்றுபோன கூலிக்கு எந்தச் சட்டத்தின் காலக்கெடு பொருந்தும் என்பதையே நிர்வாகம் தன் முதல் வாதமாக்கக் கூடும் என்பதால், பழைய பாக்கி உள்ளவர்கள் 3 ஆண்டு இருக்கிறதே என்று நம்பியிருக்கக் கூடாது.

'இவர் எங்கள் ஆள் இல்லை'

மூன்று எதிர்ப்புகளில் மலைக்கு மிகவும் பொருத்தமானது இதுதான். முன்பு தோட்டமென்றால் கங்காணி, கணக்கப்பிள்ளை, செக்ரோல் எனும் வருகைப் பதிவேடு என்று யார் யாருடைய ஆள் என்பது எழுத்திலேயே இருந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க உருவான டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) போன்ற அரசு நிறுவனத்திலும் அப்படியே. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் பிற வட மாநிலங்களிலிருந்தும் ஒப்பந்ததாரர் வழியாக வந்து கொழுந்து பறிப்பவர்கள் பல தோட்டங்களில் இருக்கிறார்கள். உதகையில் சீசன் மாதங்களுக்கு மட்டும் காட்டேஜ்களில் சேர்க்கப்படும் சமையல், துப்புரவு ஆட்கள் இருக்கிறார்கள். கூலி நின்றுவிட்டால் நிர்வாகம் ஒப்பந்ததாரரைக் காட்டும். ஒப்பந்ததாரரின் தொலைபேசி அணைந்திருக்கும்.

சட்டம் இந்தச் சாக்கை முற்றிலும் ஏற்பதில்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால், வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை முதலாளியே கொடுத்துவிட்டு, அதை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. இப்போதைய தொகுப்புகளிலும் அந்தக் கொள்கை நீடிக்கிறது. ஊதியத் தொகுப்பின் 43ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்று, கொடுக்க வேண்டியவர் கொடுக்காவிட்டால் அந்த நிறுவனத்தின் உரிமையாளராக உள்ள கம்பெனியோ நபரோ பொறுப்பு என்கிறது. ஆகவே மனுவில் ஒப்பந்ததாரரை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது பெரிய பிழை. தோட்ட நிறுவனத்தையும், தோட்டம் கைமாறியிருந்தால் பழைய, புதிய உரிமையாளர் இருவரையும் சேர்த்துவிட வேண்டும். யாரைச் சேர்க்கவில்லையோ அவர்மீது உத்தரவு பிறக்காது.

எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்பதையே மறுக்கும்போது ஆதாரம் தேவைப்படுகிறது. குறிப்பிட்ட நாட்கள் வேலை செய்ததை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் கூறியது; அது தொழிலாளிகளுக்குப் பேரிடியாக இருந்தது. 2005ஆம் ஆண்டு இறுதியில் வந்த எல்லட்டி வழக்குத் தீர்ப்பு அதைச் சமன்செய்தது எனலாம்: தொழிலாளி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லி, நிர்வாகத்திடம் உள்ள வருகைப் பதிவையும் கூலிப் பதிவையும் வரவழைக்கக் கேட்டு, நிர்வாகம் கொடுக்காமல் இருந்தால், சுமை நிர்வாகத்தின் பக்கம் நகர்கிறது. வெறும் பிரமாணப் பத்திரம் மட்டும் போதாது என்றும் அதே தீர்ப்பு எச்சரிக்கிறது. ஊதியத் தொகுப்பின் 59ஆம் பிரிவு இதில் தொழிலாளிக்குக் கிடைத்த உண்மையான பலம். கூலி வரவில்லை, குறைவாக வந்தது, தவறாகப் பிடித்தார்கள் என்று கோரிக்கை எழுந்தால், கொடுத்ததை நிரூபிக்கும் சுமை முதலாளியுடையது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. ஆயினும் இவர் எங்கள் ஆளே இல்லை என்ற மறுப்புக்கு இந்தப் பிரிவு மட்டும் விடையாகாது. அதற்குப் பி.எஃப். கணக்கில் உள்ள நிறுவனப் பெயர், வங்கிக் கணக்கில் முந்தைய மாதங்களில் விழுந்த கூலி, எடைச் சீட்டு, மேஸ்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேலைப் பட்டியல், மருத்துவமனைச் சீட்டில் எழுதிய தோட்டத்தின் பெயர் என எல்லாமே உதவும். லயத்து வீட்டு ஒதுக்கீட்டுத் தாளை விட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. வேலைக்காரர் அல்லாதவருக்கு எந்தத் தோட்டமும் வீடு கொடுப்பதில்லை.

சிறு தேயிலை விவசாயிகளின் தோட்டங்களில் வேலை செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேளாண்மைக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேருக்கு மேற்படாமல் வைத்திருப்பவர் பதிவேடு வைக்கவும் கூலிச் சீட்டுக் கொடுக்கவும் வேண்டியதில்லை என்று தொகுப்பு விலக்கு அளிக்கிறது. ஆய்வாளர் கேட்டால் கூலி கொடுத்ததற்கு நியாயமான ஆதாரம் காட்டினால் போதும். அங்கே பதிவேட்டை வரவழைக்கக் கேட்டுப் பயனில்லை. வேலை செய்த நாட்களைத் தாமே ஒரு நோட்டில் எழுதிவைப்பதுதான் வழி.

கையெழுத்தும் பிடித்தமும்

'முழுக் கணக்கும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளில் வாங்கிய கையெழுத்தைப் பதிலுரையோடு இணைப்பது வழக்கமான ஓர் எதிர்ப்பு. சட்டப்படி சேர வேண்டிய தொகையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று பழைய சட்டங்களிலும் இருந்தது; தொகுப்பின் 60ஆம் பிரிவிலும் இருக்கிறது. ஆனால் அந்தத் தாள் உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு ஆதாரமாகாவிட்டாலும், அதில் எழுதிய தொகையைப் பெற்றதற்கு ஆதாரமாகலாம். 35,100 ரூபாய்க்கு 10,000 ரூபாய் வாங்கிக் கையெழுத்திட்டவர், மீதி 25,100 ரூபாயைத் தாராளமாகக் கேட்கலாம். 10,000 ரூபாயையும் வாங்கவில்லை என்று அவர் சொன்னால் அவருடைய பேச்சு முழுவதுமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

முன்பணம், விறகு, ரேஷன், சேதம் என்று பிடித்தங்களைக் காட்டுவதும் உண்டு. சட்டம் அனுமதித்த வகைப் பிடித்தமாக இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. பச்சைத் தேயிலை விலை விழுந்துவிட்டது, ஏலத்தில் நட்டம், வங்கி கடன் தரவில்லை என்ற காரணங்கள் பதிலுரையில் எவ்வளவு உருக்கமாக எழுதப்பட்டாலும் கூலிக்கு எதிரான வாதமாக அவற்றுக்கு மதிப்பில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் கூறு தடை செய்யும் கட்டாய உழைப்புக்கு ஒப்பாகும் என்று, ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்களின் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

உத்தரவுக்குப் பிறகு

கீழே வென்ற பிறகு வரும் எதிர்ப்பைப் புரிந்துகொள்ள, அது மேல்முறையீடா ரிட் மனுவா என்று பார்க்க வேண்டும். பழைய 1936ஆம் ஆண்டுச் சட்டத்தில் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய முடிந்தது; நீலகிரிக்கு அது உதகை. நிர்வாகம் மேல்முறையீடு செய்யுமானால், உத்தரவிட்ட தொகையைக் கட்டிவிட்டதாக அதிகாரியிடம் சான்று வாங்கி இணைத்தாக வேண்டியிருந்தது. இந்த ஒரு நிபந்தனை, நாளைக் கடத்துவதற்காகவே செய்யப்படும் மேல்முறையீடுகளுக்கு நல்ல அணையாக இருந்தது. புதிய தொகுப்பின் 49ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு 90 நாள் தருகிறது, நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு படி உயர்ந்த அதிகாரியிடம் அனுப்புகிறது. தொகையைக் கட்டிய பிறகே வரலாம் என்ற நிபந்தனை அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை. கூலிக்காரருக்கு இது ஓர் இழப்பு என்பதே என் கருத்து. பணிக்கொடைச் சட்டத்தில் அந்த நிபந்தனை இருந்ததால் எத்தனை நிர்வாகங்கள் மேல்முறையீட்டை நினைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தையே கொடுத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

தொழிலாளர் நீதிமன்ற உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே நிர்வாகம் அரசமைப்பின் 226, 227ஆம் கூறுகளின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்யும். அங்கே சாட்சியம் மறுபடி எடைபோடப்படுவதில்லை. அதிகார வரம்பை மீறினாரா, இயற்கை நீதி மீறப்பட்டதா, சட்டத்தை வெளிப்படையாகத் தவறாகப் புரிந்துகொண்டாரா என்பவைதான் கேள்வி. கீழே வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, புதிய பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேலே போகும் நிர்வாகத்துக்கு அதனால் பெரிய பயன் கிட்டுவதில்லை. அதே காரணத்தால், கீழே ஆதாரத்தைக் கொடுக்காமல் விட்ட தொழிலாளிக்கும் மேலே போய்ப் பயனில்லை.

விசாரணைக்கு வராமலே இருந்து, ஒருதலை உத்தரவு வந்ததும் விழித்துக்கொள்ளும் நிர்வாகங்களும் உண்டு. தக்க காரணம் காட்டினால் ஒருதலை உத்தரவை ரத்து செய்யும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்பது 1980ஆம் ஆண்டின் கிரிண்ட்லேஸ் வங்கி வழக்கிலிருந்து நிலைபெற்ற விதி. அதனால் எதிர்த்தரப்பு வராத வாய்தாக்களிலும் தொழிலாளி தம் சாட்சியத்தை முழுமையாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. நோட்டீஸ் முறையாகச் சேர்ந்ததற்கான தபால் அட்டையும் கோப்பில் இருக்க வேண்டும்.

ரிட் மனுவோடு தடையாணை கேட்பது வழக்கம். உயர் நீதிமன்றம் பெரும்பாலும் நிபந்தனையோடு, அதாவது தொகையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, தடை வழங்கும். கட்டிய பணத்தை வழக்கு முடியும்வரை அங்கேயே விட்டுவைக்க வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனுப் போடலாம் என்பது பல தொழிலாளர்களுக்குத் தெரிவதில்லை. நிபந்தனையைக் கெடுவுக்குள் நிறைவேற்றாவிட்டால் தடை தானாகவே போய்விடும் என்று உத்தரவிலேயே எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாக்கிக் கூலியோடு வேலைநீக்கமும் சேர்ந்திருந்து, மீண்டும் வேலை கொடுக்கச் சொன்ன தீர்ப்பை நிர்வாகம் எதிர்த்தால், வழக்கு நடக்கும் காலம் முழுவதும் கடைசியாக வாங்கிய அளவுக் கூலியைக் கொடுத்துவர வேண்டும். தொழில் தகராறுகள் சட்டத்தின் 17பி பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்பிலும் தொடர்கிறது. வேறெங்கும் வேலை செய்யவில்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால்தான் அது கிடைக்கும்.

கூடலூரிலிருந்து உதகைக்கே 50 கிலோமீட்டர். கோவை அதற்கும் அப்பால், மலையிறங்கிப் போக வேண்டும். ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போனது. அறுபது பேரும் தனித்தனியே மனுக் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரே வகைப் பாக்கி உள்ள பலர் சேர்ந்து ஒரே மனுக் கொடுக்கலாம், சங்கத்தின் வழியாகவும் கொடுக்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், தொழில்துறைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. உயர் நீதிமன்றத்திலிருந்து உறை வந்த நாளிலேயே அதை எடுத்துக்கொண்டு உதகையில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குச் சென்றால், சென்னையில் ஆஜராக வழக்கறிஞரை ஏற்பாடு செய்வதற்கு அவர்கள் வழிகாட்டுவார்கள்.

எல்லா எதிர்ப்பும் தோற்ற பிறகும் பணம் தானாக வருவதில்லை. வசூல் சான்று ஆட்சியருக்குச் சென்று, நிலவரிப் பாக்கியைப் போல, 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டத்தின்படி வசூலிக்கப்படுகிறது. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் 1969ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பின்னணியில் நிலம் யாருடையது என்பதே வழக்காக உள்ள தோட்டங்கள் இருப்பதால், அங்கே நிலத்தை ஜப்தி செய்வது சிக்கலாகும். தொழிற்சாலையில் உள்ள தேயிலை இருப்பு, வண்டிகள், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் விவரத்தைத் தாசில்தாரிடம் எழுதிக் கொடுப்பது வேலையை விரைவாக்கும். நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால் எல்லா வசூலும் நின்றுவிடும். அப்போது அந்த நடவடிக்கையை நடத்தும் தீர்வு அலுவலரிடம் உரிய படிவத்தில், கெடுவுக்குள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். நிறுவனம் கலைக்கப்படுமானால், அதற்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கிக்கு, ஈட்டுக் கடன் கொடுத்த வங்கிகளுக்கு இணையான வரிசையை 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு தருகிறது. பதிவு செய்யாதவர் அந்த வரிசையில் நிற்க முடியாது.